மொரீசியஸ் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் (பிரெஞ்சை அடிப்படையாகக் கொண்டு அங்கே உருவான கலப்பு மொழி) பேசியும் தங்களை ஏன் தமிழர் என்கிறார்கள்?

பண்பாட்டு அடையாளம் என்பது ஒரு கூட்டம் தன்னை இன்னார் என்று உணர்ந்து, அதைத் தலைமுறைதோறும் கைமாற்றிவரும் வழக்கங்களின் தொகுப்பு. பேச்சுமொழி அதில் ஒரு பகுதிதான். கரும்புத் தோட்டங்களில் பல நாட்டாரும் கலந்து வேலை செய்ததால் கிரியோல் பொதுமொழியாயிற்று. கோயில் சடங்குகளோ சமூகத்தின் கைக்குள்ளேயே இருந்தன. அன்றாடம் புழங்கும் பாத்திரம் தேய்ந்து மாறிவிட, விசேஷ நாளில் மட்டும் எடுக்கும் குத்துவிளக்கு பேரப்பிள்ளைகள் வரை வருவதைப் போன்றது இது.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. காவடிக்குப் பின் வாழையிலையில் ஏழு கறிகளுடன் சாப்பாடு. 1998இல் வெளியான ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்பாக இந்தி அச்சாகியிருந்ததைத் தமிழர்கள் எதிர்த்ததால், அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன (வீட்டில் பேசாத மொழிக்காக!).

அங்குள்ள தமிழர் அனைவரும் ஆங்கிலேயர் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தோர் என்பது தவறு: பிரெஞ்சு ஆட்சி நடந்த 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே சென்றிருந்தனர்.