பெயரை வாங்கினால் பொறுப்பும் சேர்ந்துதான்

கேள்வி: இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் கம்பெனியை நம் ஓசூர் டிவிஎஸ் வாங்கியதைப் பலரும் கொண்டாடுகிறார்கள். செத்துப்போன பெயரைக் காசு கொடுத்து வாங்கிப் பழைய நினைப்பை விற்பதில் என்ன பெருமை?

பதில்: 'வெள்ளைக்காரன் கம்பெனியையே வாங்கிவிட்டோம்' என்ற ஆரவாரம் எனக்கும் பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் டிவிஎஸ் கொடுத்தது 1.6 கோடி பவுண்டு. நார்ட்டன் அப்போது திவாலாகிக் கிடந்தது. முன்பணம் கட்டிய பலருக்கு வண்டி வந்து சேரவில்லை. ஓய்வூதியச் சேமிப்பை முந்தைய நிர்வாகத்திடம் நம்பிக் கொடுத்தவர்கள் அதைப் பறிகொடுத்துத் தவித்தார்கள். அந்த நிலையில் இருந்த கம்பெனியை வாங்கியது மட்டுமே பெருமையாகிவிடாது.

ஆனால் நார்ட்டன் என்றால் பழைய நினைப்பு மட்டும்தான் என்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். 1950இல் இத்தாலியின் கிலேரா நான்கு சிலிண்டர் இன்ஜினோடு பந்தயத்தில் ஓடியபோது, நார்ட்டனிடம் இருந்தது பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான். சக்தியில் ஈடுகொடுக்க முடியாது. பெல்ஃபாஸ்ட்டின் மெக்கேன்ட்லெஸ் சகோதரர்கள் வண்டியின் சட்டத்தையே, அதாவது ஃபிரேமையே, புதிதாகச் செய்துகொடுத்தார்கள். இரண்டு குழாய்கள் இன்ஜினைச் சுற்றி வளையமாக ஓடி, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். மெத்தைமேல் உட்கார்ந்து போவது போல இருக்கிறது என்று ஓட்டிய வீரர் சொன்னதால் அதற்கு 'ஃபெதர்பெட்' என்றே பெயர் நிலைத்தது. அந்தச் சட்டத்தோடு ஜெஃப் டியூக் 1951இல் 350 சிசி, 500 சிசி இரண்டிலும் உலகச் சாம்பியன் ஆனார். வளைவில் வண்டி தடுமாறாமல் நின்றதால் கிடைத்த மரியாதை அது.

அந்த மரியாதையை வாங்கியவர் காப்பாற்றினாரா என்பதுதான் கேள்வி. 2021இல் நார்ட்டன் ஒரு காரியம் செய்தது. முந்தைய நிர்வாகம் விற்றிருந்த வி4 என்ற மாடல் வண்டிகளைப் பரிசோதித்து, அவற்றில் 35 குறைகள் இருப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. அது டிவிஎஸ் செய்த வண்டியே இல்லை. 'எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்று கைகழுவியிருக்கலாம். எனக்குப் பெருமையாகப் படுவது இந்த இடம்தான்.

இன்னொரு பழைய இங்கிலாந்து கம்பெனியான டிரையம்ஃபைப் பாருங்கள். 1983இல் ஜான் புளோர் அந்தப் பெயரை வாங்கியதும் பழைய வண்டிக்கு வர்ணம் பூசி விற்க வரவில்லை. ஹிங்க்லியில் புதுத் தொழிற்சாலை கட்டி, புது இன்ஜின்கள் செய்து, வண்டி ஒழுங்காக ஓடும் என்று ஜனங்கள் நம்பிய பிறகுதான், 2000இல், போன்வில் என்ற பழைய பெயரைத் தொட்டார். அதே போல மறுபடி வந்திருக்கும் ஜாவாவும் இன்று நான்கு ஸ்ட்ரோக்தான். பழைய டூ ஸ்ட்ரோக் சத்தம் இல்லையே என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை. இன்றைய புகைக்கட்டுப்பாட்டில் அந்த இன்ஜின் தேறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நார்ட்டன் பெயர் கைமாறிக்கொண்டிருந்த வருஷங்களில் பழைய கமாண்டோ வண்டிகள் சாலையில் ஓடியதற்குக் காரணம், ஆண்டோவர் நார்ட்டன் போன்ற உதிரிபாகக்காரர்களும் விடாப்பிடியான மெக்கானிக்குகளும்தான். பெயருக்கு இன்று விலை இருக்கிறதென்றால் அதில் பாதி அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆகவே, புத்துயிர் பெற்ற எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, வாங்கப் போகும்போது டேங்கில் இருக்கும் எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து வருஷம் கழித்து இந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் கிடைக்குமா, யாரிடம் கிடைக்கும் என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.