‘புல்ட் டவுன் இட்’ என்று சொல்லலாமா?

காரைக்குடிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் இடித்துவிட்ட செட்டிநாட்டு வீட்டைப் பற்றி ‘தே புல்ட் டவுன் இட்’ (They pulled down it) என்றால் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறுதான்.

‘புல் டவுன்’ (pull down) என்றால் கட்டடத்தை இடிப்பது. ‘தே புல்ட் டவுன் தி ஹவுஸ்’, ‘தே புல்ட் தி ஹவுஸ் டவுன்’ இரண்டுமே சரி. ‘இட்’, ‘தெம்’ வந்தால் மட்டும் நடுவில்தான் உட்காரும்: ‘தே புல்ட் இட் டவுன்’. பங்காளிகள் வீட்டை விற்று, இடித்து, பர்மா தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போன கதை நம்மூரில் ஏராளம். அதை ‘தே புல்ட் இட் டவுன் அண்ட் சோல்ட் தி பில்லர்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம், இந்த மாதிரி இரட்டைச் சொற்கள் எல்லாமே இப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர்’ (look after) என்றால் பார்த்துக்கொள்வது; அது பிரியாது. பூட்டிய வீட்டைத் திறந்து வளவு (உள்முற்றம்) பெருக்கும் ஆச்சியைப் பற்றி ‘ஷி லுக்ஸ் ஆஃப்டர் இட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘லுக்ஸ் இட் ஆஃப்டர்’ கிடையாது.