கடைசியில் வந்தவருக்குத் தங்கம்

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில் கடைசியாக வந்துகொண்டிருந்தவர் தங்கம் வென்றாராமே, அது வெறும் அதிர்ஷ்டம்தானா?
– வாசகர், கரூர்

பதில்: 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த 1000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் (சிறிய பனித்தளத்தில் பலர் ஒன்றாகச் சறுக்கிச் செல்லும் பந்தயம்) இறுதிப்போட்டியைக் குறிப்பிடுகிறீர்கள். கடைசி வளைவில் முன்னால் சென்ற நால்வரும் மோதிச் சரிய, பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி விழாமல் முடிவுக்கோட்டைக் கடந்தார். அமெரிக்காவின் அபோலோ ஓனோ தடுமாறி எழுந்து, காலை முன்னே நீட்டி வெள்ளியைப் பிடித்தார். வெண்கலம் கனடாவின் மாத்தியூ டர்காட்டுக்கு. அதிர்ஷ்டம் உண்டுதான், ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1994-இல் வேறொரு வீரரின் ஸ்கேட் பிளேடு தொடையைக் கிழித்ததால் 111 தையல்கள் போடப்பட்டு, 2000-இல் கழுத்து எலும்பும் முறிந்து, அதன் பிறகும் பனித்தளத்துக்குத் திரும்பியவர், முன்னால் முண்டுவோர் மோதிக்கொள்ளக்கூடும் என்று கணித்தே பின்னால் வந்தார். தென் அரைக்கோளத்துக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது.