உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். புராட்டஸ்டண்டுகள் ஏன் மறுக்கிறார்கள்?

முதலில் ஒன்று: உத்தரிக்கிற ஸ்தலம் நரகத்தின் கிளை அல்ல. அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே மீட்படைந்தவர்கள். மோட்சத்துக்குள் நுழையுமுன் தூய்மையாக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

போரில் இறந்தோருக்காக யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே பாவம் போக்கும் பலிக்கு ஏற்பாடு செய்ததைச் சொல்லும் 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தைக் கத்தோலிக்கர் ஆதாரமாகக் காட்டுவார்கள். புராட்டஸ்டண்டுகளோ அந்த நூலை வேதாகமத்தின் பகுதியாக ஏற்பதே இல்லை! பிறகு எப்படி ஒத்துப்போவது?

புராட்டஸ்டண்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 1517-இல் 95 கருத்துகளை எழுதித் தாக்கியது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை, அதாவது பாவத்துக்கான தண்டனை குறையும் என்று பணத்துக்கு விற்ற சீட்டுகளை. அந்த 95 கருத்துகளில் அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிப்படையான மறுப்பு 1530-இல்தான் வந்தது. சிலுவையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்றால் இன்னொரு சுத்திகரிப்பு எதற்கு என்பதே புராட்டஸ்டண்டு வாதம். எனக்கு அதுதான் வலுவானதாகத் தெரிகிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1563-இல் பழைய போதனையையே உறுதிசெய்தது. நவம்பர் 2-இல் கத்தோலிக்கர் கல்லறைகளில் ஜெபிப்பதும் அந்த நம்பிக்கையில்தான்.