வாசகர் கேள்வி – பதில்: தற்காப்பும் தண்டனையும்

கேள்வி: எங்கள் தெருவில் வீடு புகுந்து திருடுவது வாடிக்கையாகிவிட்டது. என்னிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருக்கிறது. நள்ளிரவில் ஒருவன் சுவரேறிக் குதித்தால் நான் சுடலாமா? சுட்டால் நான்தான் கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார்.
– வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: சுவரேறிக் குதித்தான் என்ற ஒரே காரணத்துக்காகச் சுட்டால் உங்கள் மைத்துனர் சொல்வது நடக்கக்கூடும். தாக்குதல் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அடுத்த கணமே தொடங்கும் என்ற நிலை இருக்க வேண்டும்; அதைத் தடுக்க அந்தப் பலப்பிரயோகம் தேவைப்பட்டிருக்க வேண்டும்; அது ஆபத்தின் அளவை மீறியிருக்கக் கூடாது. இவற்றைத்தான் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கத்தியுடன் படுக்கையறைக் கதவை உடைத்து வருபவனைச் சுட்டவருக்குச் சட்டம் துணை நிற்கும். அதே ஆள் எடுத்த பொருளைக் கீழே போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடும்போது சுட்டால், வழக்கின் போக்கே மாறிவிடும். குண்டு மார்பில் பாய்ந்ததா முதுகில் பாய்ந்ததா என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லிவிடும். வெற்றுத் தோட்டா உறைகள் வீட்டுக்குள் கிடந்தனவா, வெளிக்கதவுக்கு அப்பால் கிடந்தனவா என்பதைக் காவல்துறையின் புகைப்படங்கள் காட்டிவிடும்.

சொத்தைக் காக்கவும் உயிரை எடுக்கலாம் என்று வாதிடுபவர்கள் 1967-ஆம் ஆண்டின் வான் வைக் தீர்ப்பைக் காட்டுவது வழக்கம். திரும்பத் திரும்பத் திருட்டுக்கு ஆளான கடைக்காரர் ஒருவர், எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டு, உள்ளே நுழைபவரைத் தானாகவே சுடும்படி துப்பாக்கியைப் பொருத்தியிருந்தார். திருட வந்தவர் இறந்துபோனார், கடைக்காரர் தப்பினார். ஆனால் உயிர்வாழும் உரிமையை முன்னிறுத்தும் அரசியலமைப்பு வந்த பிறகு அந்தத் தீர்ப்பை நம்பித் துப்பாக்கியைத் தூக்குவது புத்திசாலித்தனம் ஆகாது. லேடி ஃப்ரியரில் பேக்கரி நடத்திய தந்தையும் மகனும் தப்பியோடிய திருடரைச் சுட்ட வழக்கில், ஓடுபவரைக் கைது செய்வதற்காகக் கொல்ல அனுமதித்த சட்டப்பிரிவையே அரசியலமைப்பு நீதிமன்றம் 2002-இல் ரத்து செய்தது. காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கார் பிஸ்டோரியஸின் வழக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். பூட்டிய கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் அந்நியர் ஒளிந்திருப்பதாக நினைத்தேன் என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. யார் இருந்தாலும் சாகக்கூடும் என்று தெரிந்தே கதவின் வழியாக நான்கு முறை சுட்டிருக்கிறார் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அதைக் கொலை என்றே தீர்த்தது. தண்டனையும் 2017-இல் 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது.

என் கருத்தைக் கேட்டால், கதவைப் பூட்டிக்கொண்டு காவல்துறையின் அவசர எண்ணான 10111-ஐ அழைத்துவிட்டு, கதவு உடையும்வரை விரலை விசையில் வைக்காமல் இருங்கள் என்பேன். காவல் வண்டி உடனே வந்து நிற்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு.

கேள்வி: எங்கள் காவற்குழுவினர் தண்ணீர் மீட்டர் திருடிய பையனைப் பிடித்து, கம்பத்தில் கட்டி, நன்றாக உதைத்துவிட்டுத்தான் போலீசில் ஒப்படைத்தார்கள். அதில் என்ன தவறு?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பிடித்தது தவறில்லை. திருட்டு போன்ற குற்றங்களில் ஈடுபட்டவரைப் பிடியாணை இல்லாமல் பிடித்து வைக்கக் குடிமக்களுக்கும் அதிகாரம் உண்டு. தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவே. கட்டியபின் அடித்தது தனிக் குற்றம். பையன் புகார் கொடுத்தால் உங்கள் நண்பர்கள் கூண்டில் நிற்பார்கள். கொள்ளையும் தீவைப்பும் நடந்த 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர் மிகுதியாக வாழும் உங்கள் ஊரில் தடுப்பு வைத்துக் காவல் இருந்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ் வராத அச்சத்தில்தான் தெருவில் இறங்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகும் ஒருவர் ‘நன்றாக உதைத்தோம்’ என்று பெருமையாக எழுதுவதைப் படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கேள்வி: குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் திருப்பித் தாக்கினால், ‘வீட்டைவிட்டு ஓடியிருக்கலாமே’ என்று நீதிமன்றம் கேட்காதா?
– வாசகி, மெரிபேங்க்

பதில்: கேட்காது என்றே நம்பலாம், அம்மா. கத்தியுடன் பாய்ந்த முன்னாள் கணவரைச் சுட்டுக் கொன்ற ஸ்டெய்ன் என்ற பெண்மணியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் விடுவித்தபோது, சொந்த வீட்டைவிட்டு அவர் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று கருதியது. அந்த நிலை வருமுன்பே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: தூக்குத் தண்டனையை ஒழித்ததால்தான் கொலைகாரர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அதை மீண்டும் கொண்டுவந்தால் என்ன?
– வாசகர், டொங்காட்

பதில்: 1987-இல் மட்டும் பிரிட்டோரியாவில் 164 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தொங்கவிடும் மேடை அது. அதனால் நாடு அச்சமற்று உறங்கியதா என்று அந்த ஆண்டுகளில் வாழ்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். 1995 ஜூன் 6 அன்று மரண தண்டனை அரசியலமைப்புக்கு எதிரானது என்று பதினொரு நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். குற்றவாளியை அச்சுறுத்துவது, தான் நிச்சயம் பிடிபடுவோம் என்ற நினைப்புத்தான் என்பது அத்தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. நானும் அந்தப் பக்கமே. திட்டமிட்ட கொலைக்கு இன்று ஆயுள் தண்டனை உண்டு. 25 ஆண்டுகள் கழியும் முன் பரோல் பேச்சுக்கே பொதுவாக இடமில்லை. தண்டனை குறைவு என்பதைவிட, கொலையாளி நீதிமன்றம் வரைகூட வருவதில்லை என்பதே எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: தன்னை அடித்தவரைக் காந்தி மன்னித்தார். அப்படியிருக்க அந்த ஆளைச் சிறைக்கு அனுப்பியது ஏன்?
– மாணவி, லெனேசியா

பதில்: 1908 பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருவில் மீர் ஆலம் என்பவரும் அவருடைய தோழர்களும் காந்தியைத் தாக்கியபோது, உடன் சென்ற நம் சத்தியாகிரகி தம்பி நாயுடு குறுக்கே புகுந்து அடிகளை வாங்கிக்கொண்டார். சட்டக் கண்ணோடு பார்த்தால், பிறரைக் காக்க முன்வருவதும் தற்காப்பே. காந்தி வழக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் பொதுவீதியில் நடந்த தாக்குதல் அடிபட்டவருக்கும் அடித்தவருக்கும் இடையிலான சொந்த விவகாரம் அல்ல என்று வெள்ளையர்கள் சிலர் அரசு வழக்கறிஞருக்கு எழுதியதால், மீர் ஆலமுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த வெள்ளையர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் கருதுகிறேன். மன்னிக்கும் உரிமை காந்திக்கு இருந்தது. மறுநாள் அதே தெருவில் நடக்கவிருந்தவர்களின் சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமை இல்லை. உங்கள் வகுப்பில் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.