வெள்ளைச் சுறாவைக் கூண்டிலிருந்து பார்க்கப் போகிறவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாயிலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளிலும் கூண்டில் இறங்கியிருக்கிறேன். போகும் எண்ணம் இருப்பவர்கள் என்ன சந்தேகமானாலும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

பதில்: தாராளமாக. கான்ஸ்பாயில் கூண்டைப் படகின் பக்கவாட்டில் கட்டி மிதக்கவிடுவார்கள், மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே நிற்கும், உங்கள் தலையும் வெளியேதான் இருக்கும். சுறா நெருங்கினால் மேலே நிற்பவர் "டவுன்!" என்று கத்துவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே அமிழ்த்த வேண்டும், சில விநாடிகள்தான். நெப்டியூனில் படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், அதனால் ஆற அமரப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், உள்பக்கக் கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும், விரல் வெளிக்கம்பிக்குப் போகவே கூடாது.

கேள்வி: கான்ஸ்பாயில் இப்போது வெள்ளைச் சுறாவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கான்ஸ்பாய்க்கு எதிரே கடலில் இருக்கும் டையர் தீவுக்கும் சீல்கள் பல்லாயிரமாய்க் கிடக்கும் கெய்சர் பாறைக்கும் நடுவில் ஒரு கால்வாய் இருக்கிறது, சுறாச் சந்து என்றே அதற்குப் பெயர். ஒரு காலத்தில் வெள்ளைச் சுறா பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. 2017-இல் அந்தக் கரையில் ஐந்து வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின, பெரும்பாலானவற்றில் ஈரலைக் காணோம். முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்த இரண்டு ஆண் ஓர்காக்கள் (கொலைகாரத் திமிங்கலம் என்பார்களே, அவை), போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவற்றின் வேலைதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்புறம் வெள்ளைச் சுறாக்கள் அங்கே வருவதே அரிதாகிவிட்டது. சுறா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே பாயும் காட்சிக்குப் பேர் போன, கேப் டவுன் பக்கத்து ஃபால்ஸ் வளைகுடாவும் அப்படியே ஓய்ந்துபோனது.

நான் இரண்டாம் முறை கான்ஸ்பாய் போனபோது "சுறா நிச்சயம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். வந்ததெல்லாம் வெண்கலச் சுறா. அதுவும் அழகான உயிர்தான், ஆனால் நான் அதற்காக அவ்வளவு தூரம் போகவில்லை. அதனால் "சுறா தெரியுமா" என்று கேட்காதீர்கள், "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் வெள்ளைச் சுறா வந்தது" என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இன்று நெப்டியூன்தான், போர்ட் லிங்கனிலிருந்து படகில் சில மணி நேரம்.

கேள்வி: கூண்டை உடைத்துக்கொண்டு சுறா உள்ளே வந்த காணொளி பார்த்தேன். வீட்டில் பயப்படுகிறார்கள் சார்.

பதில்: அது 2016-இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் நடந்தது. சுறாவுக்குப் பின்னோக்கி நீந்த வராது, இரையைத் துரத்திய வேகத்தில் கம்பிக்குள் சிக்கிவிட்டால் முன்னே திமிறத்தான் தெரியும். உள்ளே இருந்தவர் காயமில்லாமல் வெளியே வந்தார். 2008-இல் கான்ஸ்பாயில் சுற்றுலாப் பயணிகள் மூன்று பேர் இறந்ததற்குக் காரணம் சுறா இல்லை, பெரிய அலையில் படகு கவிழ்ந்தது. ஆகவே கூண்டைவிடக் கடலைக் கவனியுங்கள், காற்று பலமாக இருந்து பயணத்தை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: மீன் கலவையைக் கடலில் ஊற்றிக் கூப்பிடுவது சுறாவுக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: இது என் மனதையும் உறுத்தும் விஷயம். நெப்டியூனில் படகு வரும் நாட்கள் கூடியபோது சுறாக்கள் அங்கே தங்கும் காலமும் கூடியது ஆய்வில் தெரிந்தது, அதன் பிறகு அந்த நாட்களுக்கு வரம்பு வைத்தார்கள். மெக்சிகோ 2023-இல் குவாடலூப்பில் இந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது, அதைச் சரி என்றே நினைக்கிறேன். கயிற்றில் கட்டிய இரையைச் சுறா தின்னவிடாமல் இழுத்துக்கொள்வதுதான் முறை. கூண்டின் மேலேயே இழுத்து வாயைத் திறக்கவைத்துப் படமெடுக்க விடுகிற படகில் ஏறாதீர்கள்.

கேள்வி: குளிர், வாந்தி?

பதில்: இரண்டும் உண்டு. மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பலனில்லை. குளிர் தாங்கும் தடிமனான ரப்பர் உடை, வெட்சூட், தருவார்கள், தலைக்கும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேமரா எது நல்லது?

பதில்: முதல் முறை இறங்கும்போது எதுவும் வேண்டாம். எனக்கு ஒரு கை தூரத்தில் ஒரு சுறா போனது, நான்கு மீட்டர் நீளம் இருக்கும். சத்தமே இல்லை. மூக்கில் மிளகு தூவியது போலப் புள்ளிகள், மின்புலத்தை உணரும் துளைகள் அவை. கறுப்பு என்று நினைத்திருந்த கண் கிட்டத்தில் கருநீலம், அது என் பக்கம் மெல்லத் திரும்பியது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் திரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.