அப்பப்பாவின் தகரப் பெட்டிகளை என்ன செய்வது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பப்பா திருகோணமலையின் இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்தவர், பயண வழிகாட்டிப் புத்தகங்களும் சொந்தமாக வெளியிட்டார். மூன்று தகரப் பெட்டிகளில் நெகட்டிவ்களும் கொப்பிகளும் அச்சுத்தாள்களும் கிடக்கின்றன. நல்ல படங்களை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மற்றதை எறியலாமா?"

தயவுசெய்து எறியாதீர்கள். சுவாமி மலையில் நின்று கடலைப் படமெடுத்தவர்கள் ஏராளம். அது எந்த ஆண்டு, கன்னியா வெந்நீரூற்றுக்கு அப்போது எந்தப் பாதையால் போனார்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் படம் சொல்லாது. ஒரு வழிகாட்டி எழுதுபவரின் கொப்பி சொல்லும். ஒரு பதிப்பில் இருந்து அடுத்த பதிப்பில் அவர் வெட்டிய வரிகளில்கூட ஊர் மாறிய கதை இருக்கும்.

அதனால் பெட்டிக்குள் இருக்கிற ஒழுங்கைக் குலைக்க வேண்டாம். திகதிப்படி அடுக்கினால் நல்லதென்று தோன்றும். ஆனால் எந்தக் கொப்பியோடு எந்த நெகட்டிவை வைத்தார் என்பதே பெரிய தடயம். முதலில் பெட்டியைத் திறந்தபடியே கைபேசியில் படமெடுங்கள். பிறகு உறைகளில் பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம்.

பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் திறவுங்கள். வினாகிரி வாடை அடித்தால் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். அவற்றைப் பிரித்து, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தியவற்றில் நைட்ரேட் என்ற பழைய வகைப் பிலிம் இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும், சூடு படாத இடத்தில் தனியே வைத்து அனுபவசாலியிடம் காட்டுங்கள்.

அப்புறம் நம்மூர் மாரி மழை. ஒக்டோபர் வருவதற்குள் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி, வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். அமிலமில்லாத கடதாசி உறை நல்லது. பிவிசி உறை, செலோடேப் இரண்டும் கூடாது. லமினேட் செய்யவே வேண்டாம். பாதுகாப்பதாக நினைத்து அப்படிப் பாழாக்கிய வரைபடங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அச்சுப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் போதும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000 வேண்டும்.

ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் தரும் நூலகம் நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள். மூலப் பிரதிகளைக் கொடுப்பதென்றால் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அப்பப்பா வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திராவிட்டால், அவர் காலமாகி 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை வாரிசுகளுக்கே.